சிவப்பு அம்பு

ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிள்மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் கிடக்கும். சிவப்பு நிறம், அம்பு வடிவம், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ தெரிந்தால், அம்பின் முனை அதைப் பார்க்கிற மாதிரி ஒட்டித் தள்ளிவைக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த ஸ்டிக்கர். வேறு எதற்கும் இல்லை.

என் அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தார். அவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். தன் வீட்டுக்கு இல்லை, எங்கள் வீட்டுக்கு.

அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை கிடையாது. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வாள் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம்.

எதை எடுத்தாலும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். பனியனைத் தூக்கிப் பார்ப்பது அவர் வேலை, சரி. ரூபாய் நோட்டையும் தூக்கிப் பார்ப்பார். ஒருமுறை அம்மா சுட்டுப் போட்ட தோசையை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, “நடுவுல மெலிசாப் போச்சு அம்முணி. ஓரத்துல மாவு வேஸ்ட்டு” என்றார். சொல்லிவிட்டு நாலு தோசை சாப்பிட்டார்.

அவர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அப்பாவின் கடன் வழியாக. அப்பா நிட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஊரில் ஓவர்லாக் தையல் மிஷின் இரண்டு போட்டவனெல்லாம் முதலாளி ஆகிக்கொண்டிருந்த காலம். அப்பாவும் சோமனூர்க்காரர் ஒருவரைக் கூட்டுச் சேர்த்து, வாரவட்டிக்குக் கடன் வாங்கி, இரண்டு பழைய மிஷின்களைப் போட்டார். முதல் ஆர்டரிலேயே பாதிப் பீஸ் ரிஜக்ட் ஆகித் திரும்பி வந்தது. சோமனூர்க்காரர் திரும்பி வரவில்லை. மிஷின்களை விற்றது போக, பதினெட்டாயிரம் ரூபாய் எங்கள் தலையில் நின்றது. வட்டிக்காரர் சனிக்கிழமை தவறாமல் மொபெட்டில் வந்து, லைன் வீட்டு வாசலில் நின்று ஹார்ன் அடிப்பார். எட்டு வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்ப்பார்கள். அம்மா அந்த ஹார்னுக்குப் பயந்துதான் அண்ணனிடம் போனாள்.

மாமாவிடம் காசு இருந்தது. கடன் இல்லாத மனிதர் என்று சொந்தக்காரர்கள் நடுவில் பெயர் வாங்கியவர். அம்மா கேட்டது மூவாயிரம்தான். அதற்கு அவர் சொன்ன பதிலை அம்மா சாகும்வரை மறக்கவில்லை.

“காசு குடுத்தா காசு தீர்ந்துரும் அம்முணி. நான் உனக்குக் கணக்குக் குடுக்கறேன்.”

அந்தச் சனிக்கிழமையே வந்துவிட்டார். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பைக்குள்ளிருந்து கம்பெனி பாலித்தீன் கவர்களை எடுத்துச் சுவரில் வரிசையாக ஆணியில் மாட்டினார். பனியன் போட்டுப் பேக் பண்ணுகிற கவர்கள்தான். ஒவ்வொன்றிலும் சைஸ் ஸ்டிக்கர் இருந்தது. ‘எஸ்’ பாலுக்கு, ‘எம்’ அரிசி மளிகைக்கு, ‘எல்’ வாடகைக்கு, ‘எக்ஸ்எல்’ கடனுக்கு. அப்பாவின் வாரச் சம்பளக் கவரையும், கைமடி வேலை செய்துகொண்டிருந்த அம்மாவின் கவரையும் பிரித்து, அவரே எண்ணி, அவரே போட்டார். கைமடி என்றால் தைக்கிற டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து மடித்து அடுக்குகிற வேலை. நாளெல்லாம் நின்று அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கும். அந்தக் காலோடு நின்று, தன் சம்பளத்தைத் தன் அண்ணன் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“வரவு நம்ம கையில இல்லீங்க மாப்ள. ஓட்டை நம்ம கையில இருக்குது” என்பார் அப்பாவைப் பார்த்து. அது அவருடைய பேச்சு. வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு “ஆமாங்க மச்சான்” என்பார். கடன் வாங்கித் தோற்றவனுக்கு வேறு பதில் ஏது?

பிறகு ஓட்டை தேடுகிற படலம். சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து வீட்டைச் சுற்றுவார். வீடு என்றால் ஒரு அறையும் ஒரு அடுப்பும்தான். அதைச் சுற்ற அவருக்கு அரை மணி நேரம் ஆகும். சாமி படத்துக்குப் பக்கத்தில் அம்மா வெள்ளிக்கிழமை பூ மாட்டுகிற ஆணி மேல் ஒரு அம்பு. டிரான்சிஸ்டர் மேல் ஒரு அம்பு, பேட்டரிக்காக. குளிக்கிற சோப்பு டப்பாவில் ஒன்று. அப்பாவின் சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒன்று, ஏனென்றால் அந்தச் சைக்கிள் அவரைத் தினமும் பேக்கரி பக்கம் டீ குடிக்கக் கொண்டுபோகிறதாம். அடுத்த சனிக்கிழமை வரும்போது அம்பு ஒட்டிய செலவு வீட்டில் இருக்கக் கூடாது. எனக்குக் காய்ச்சல் வந்து டாக்டரிடம் போன வாரம், மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்து, காய்ச்சல் மூன்றாம் நாளே நின்றிருக்க ஐந்து நாளுக்கு எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டார். மீதியைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்றும் கேட்டார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

தன் வீட்டைப் பற்றிப் பேசாமல் ஒரு சனிக்கிழமையும் போகாது. “என்றூட்டுல ஒம்பது வருசமா வாரச் செலவு ஒரு ரூவா ஏறுனதில்லீங்க. நூத்தம்பது ரூவாதான் குடுக்கறேன். எப்படி ஓடுதுன்னு வந்து பாருங்க” என்பார். பருப்பு விலை, எண்ணெய் விலை, வாடகை, எல்லாம் இரண்டு மடங்காகி இருந்தது. அவர் வீட்டில் மட்டும் ஏறாது. அதை ஒரு சாதனை மாதிரிச் சொல்வார். சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

அது எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை என் அத்தை, அதாவது மாமாவின் மனைவி, முந்தானைக்குள் ஒரு டம்ளரை மறைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவாள். அம்மா பருப்பு டப்பாவைத் திறந்து டம்ளர் நிறைய அள்ளிப் போடுவாள். சில வாரம் இரண்டு டம்ளர். இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். அத்தை போகும்போது என் தலையைத் தடவி, “மாமா கிட்டச் சொல்லிராத கண்ணு” என்பாள். பக்கத்து வீட்டில் எண்ணெய், அவள் தங்கையிடம் சர்க்கரை, இன்னும் யார் யாரிடமோ என்னென்னவோ. ஒன்பது வருஷமாக அந்த நூற்றைம்பது ரூபாயை முந்நூறு ஆக்கிக்கொண்டிருந்தவை அத்தையின் கால்கள்.

ஒரு சனிக்கிழமை மாமா பருப்பு டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். மூன்று பேர் இருக்கிற வீட்டில் வாரத்துக்கு இரண்டு டம்ளர் பருப்பு கூடுதலாகப் போகிறது, ஓட்டை எங்கே என்று அம்மாவைக் கேட்டார். அம்மா கொட்டிய பருப்பைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். அந்தப் பருப்பு அவர் வயிற்றுக்குள்தான் இருந்தது. செவ்வாய் இரவு சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, சனிக்கிழமை வந்து எங்களைக் கேட்கிறார். டப்பா மேல் அம்பு ஒட்டிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு, சொல்லிவிட்டால் என்ன என்று அம்மாவிடம் சண்டை போட்டேன்.

“சொன்னா உங்க மாமன் அத்தையத்தான் கேப்பாரு. தன்னைக் கேட்டுக்க மாட்டாரு” என்றாள் அம்மா. தன் அண்ணனை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நான் பத்தாம் வகுப்பு முடித்த வருஷம். நானூற்றுப் பன்னிரண்டு மார்க். எங்கள் லைனில் அவ்வளவு மார்க் யாரும் வாங்கியதில்லை. வீட்டுக்காரம்மாவே வந்து சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனாள். சனிக்கிழமை மாமா வந்தார். மார்க் ஷீட்டை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். பரவாயில்லை என்றார். பிறகு, கதவு மூலையில் தொங்கிய என் பள்ளிக்கூடப் பையின் மேல் ஒரு அம்பை ஒட்டினார்.

அப்பாவாவது வேண்டாம் என்பார் என்று பார்த்தேன். அவர் சைக்கிள் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். நான் வேலைக்குப் போனால் கடன் ஒரு வருஷம் முந்தி அடையும், அடைந்ததும் பள்ளிக்கூடம் எங்கும் ஓடிப் போய்விடாது என்று மாமா கணக்குச் சொன்னார். திங்கட்கிழமை அவருடைய கம்பெனிக்கே என்னைக் கூட்டிப்போய்க் கைமடியாகச் சேர்த்துவிட்டார். காலை எட்டரைக்கு நிற்க ஆரம்பித்தால் ஒன்றரை ஷிப்ட், ராத்திரி எட்டரை வரைக்கும். அம்மாவின் கால் ஏன் வீங்குகிறது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன்.

கம்பெனியில் அவரைப் பார்த்தது ஒரு வகையில் நல்லது. எங்கள் வீட்டில் சிங்கம் மாதிரி உட்கார்ந்திருப்பவர், சரக்கு வாங்குகிற பையர் ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு வரும் இருபத்தைந்து வயசுப் பையன் முன்னால் முதுகை வளைத்து சார் சார் என்று நிற்பார். ஒருநாள் அவர் பாஸ் பண்ணிய பனியன் கட்டில் அந்தப் பையன் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து அம்பு ஒட்டிவிட்டுப் போனான். மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். அதைப் பிய்த்து டேபிளுக்கு அடியில் ஒட்டினார். பிறகு அந்தப் பனியன்களை மடித்துக்கொடுத்த பெண்ணைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி திட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போன பிறகு நான் குனிந்து டேபிளுக்கு அடியில் பார்த்தேன். அங்கே ஏற்கனவே ஏழெட்டு அம்புகள் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தன.

கடன் அடைந்தது. அதை மறைக்க மாட்டேன். இரண்டு வருஷத்தில், ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் அடைந்தது. அவர் எங்கள் காசில் பத்துப் பைசாகூட எடுத்ததில்லை. அப்படி எடுத்திருந்தால் அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடைந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், தன் வீட்டுக்கு எங்களையும் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேரையும் வரச் சொன்னார். விருந்து என்று நினைத்துப் போனவர்களுக்கு டீ. அந்த டீக்கான தூளும் முந்தின நாள் எங்கள் வீட்டிலிருந்துதான் போயிருந்தது. மாமா நோட்டை விரித்து வாரம் வாரமாகப் படித்தார். எந்த வாரம் பூ நின்றது, எந்த வாரம் டீ நின்றது, எல்லாம். அப்பாவின் தோல்வியை அத்தனை பேர் நடுவில் இரண்டு வருஷத்துக்குப் படித்தார். அத்தை சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

படித்து முடித்ததும் அம்மா எழுந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

“ஏனுங்ணா, கடன் தீர்ந்துருச்சுங்க. ஜூன்ல புள்ளயப் பள்ளிக்கூடம் அனுப்பறனுங்க.”

மாமா சிரித்தார். இனிமேல்தான் சேமிப்பு ஆரம்பம், ‘எக்ஸ்எல்’ கவரை அப்படியே சேமிப்புக் கவர் ஆக்கிவிடலாம், இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்றார். இன்னும் இரண்டு வருஷம் போனால் நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன்? பத்தொன்பது வயசில் பதினொன்றாம் வகுப்பு பெஞ்சில் யார் உட்கார வைப்பார்கள்? அம்மா உட்காரவில்லை. அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருக்கும்போது வாசலில் ஹார்ன் கேட்டது.

அந்த ஹார்ன் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அப்பா பதறி எழுந்தே விட்டார். எங்களுடைய அதே வட்டிக்காரர்தான். ஆனால் அவர் எங்களைத் தேடி வரவில்லை. உள்ளே கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி, செருப்பைக் கழற்றாமல் நின்று, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

“அக்கா இருக்கறாங்களா? மூணு வாரமா வட்டி வரலீங்க. அதான் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு.”

எந்த அக்கா என்று மாமா கேட்டார். அவர் கையை நீட்டி அத்தையைக் காட்டினார். நாலாயிரத்துச் சொச்சம் என்றார்.

வேறு ஒரு மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் வெட்கப்பட்டிருப்பான். இல்லை, கோபமாவது பட்டிருப்பான். இவர் நோட்டைப் புரட்டினார். தன் வீட்டுக் கணக்கு எழுதிய பக்கங்களுக்குப் போய், விரலை வைத்துத் தேடினார். “இது எந்த வாரத்துல வருது? என்ற கணக்குல இது எங்கயுமே வரலியே” என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். அத்தை ஒரு பதில்தான் சொன்னாள். “நூத்தம்பது ரூவாய்க்கு ஒம்பது வருசமாச் சோறு வந்துச்சுல்லீங்க, அதுல வருதுங்க.”

மாமா எழுந்தார். சட்டைப் பையில் கையை விட்டார். தாளிலிருந்து ஒரு சிவப்பு அம்பைப் பிய்த்து, பதினைந்து பேர் பார்க்க, தன் மனைவியின் தோளில், சேலை மேல் ஒட்டினார்.

அத்தை அதை எடுக்கவில்லை. உள்ளே போய்த் தட்டில் டீ எடுத்து வந்து, அந்த அம்போடு ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். வட்டிக்காரருக்கும் ஒன்று கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை கம்பெனியில் சம்பளம். ஆபீஸ் ஜன்னலில் பெயர் கூப்பிட்டுக் கவர் கொடுப்பார்கள். செக்கிங், கைமடி, அயர்ன் என்று நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். கேட்டைத் தாண்டி அத்தை வந்தாள். அதே சேலை, துவைத்துக் கட்டியிருந்தாள். தோளில் அம்பு. துவைத்ததில் பசை போயிருக்க வேண்டும். ஒரு ஊக்கால் அதைக் குத்தியிருந்தாள்.

வாட்ச்மேன் தடுக்கவில்லை. மாமாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். செக்கிங் பெண்கள் நாற்பது பேருக்கும் அந்த அம்பு என்னவென்று தெரியும். யார் ஒட்டியிருப்பார் என்றும் தெரியும். மாமாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். கவர் அவர் கைக்கு வந்ததும் அத்தை கையை நீட்டினாள்.

“குடுங்க.”

அவர் சுற்றிப் பார்த்தார். டேபிளுக்கு அடியில் ஒட்ட அங்கே டேபிள் எதுவும் இல்லை. கொடுத்துவிட்டார். அத்தை கவரை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு ஊக்கைக் கழற்றி, அம்பை எடுத்து, அவர் சட்டைப் பையில் போட்டாள்.

“கம்பெனிப் பொருளு ஊட்டுக்கு வேண்டாமுங்க” என்றாள். குரல் உயரவே இல்லை. கணவனிடம் பேசுகிற அத்தனை மரியாதையோடும் சொன்னாள். டேபிளுக்கு அடியில் ஒட்டிய அம்புக்காக அன்றைக்குத் திட்டு வாங்கிய பெண்தான் முதலில் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமை வரவில்லை. சம்பளக் கவர் அத்தையிடம் போனது. வாராவாரம் வட்டியும் அசலுமாக அவளே அடைத்தாள். சுவரில் மாட்டியிருந்த பாலித்தீன் கவர்களை அம்மா கழற்றி எறிவாள் என்று நினைத்தேன். எறியவில்லை. ரொம்ப வருஷம் அதே ஆணியில், அதே சைஸ் ஸ்டிக்கரோடு வைத்திருந்தாள். கேட்டதற்கு, பிரித்து வைத்தால் நிற்கிறது, அதில் என்ன தப்பு என்றாள். அது எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

ஜூன் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அத்தை வந்தாள். டம்ளர் இல்லை. இரண்டு வருஷத்துப் பருப்புக்கு என்று மாமாவின் சம்பளக் கவரிலிருந்து ஒரு தொகையை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். அம்மா வாங்க மாட்டேன் என்றாள். அண்ணன் மனைவியைக் கொங்கில் நங்கையா என்று கூப்பிடுவார்கள். “போங்க நங்கையா, பருப்புக்குப் போயி” என்று கையைத் தள்ளினாள். அத்தை திரும்பி, அந்தப் பணத்தை என் கையில் வைத்து விரலை மடக்கினாள். யூனிபார்ம் இரண்டு செட், புத்தகம், நோட்டு, பள்ளிக்கூடத்தில் கட்ட வேண்டியது எல்லாம் அதில் வந்தது. என் பழைய பையையே எடுத்துக்கொண்டு போனேன். அம்பைப் பிய்த்தபோது துணியும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.

படித்தேன். பிறகு பி.காம். பிறகு ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. என் கல்யாணத்துக்கு மாமா வெள்ளைச் சட்டையில் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். ரிடையர் ஆகியிருந்தார். பையில் ஸ்டிக்கர் இல்லை. ஆனால் பந்தியில் இலையில் விழுந்த அப்பளத்தை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: கடனில் மூழ்கிக் கிடந்த குடும்பம், அவர் போட்ட பட்ஜெட்டில்தான் கரையேறியது, இந்தப் பெண் படித்ததே அவரால்தான் என்று.

மாலையோடு எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இருந்தது. பக்கத்தில் நின்ற அத்தை என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். அவருக்குக் கேட்கும்படிச் சொன்னாள்.

“ஆமாங்க. உங்க சம்பளத்துலதானுங்க படிச்சுது.”

மாமா சந்தோஷமாகத் தலையை ஆட்டிக்கொண்டு அப்பளத்தைக் கடித்தார்.